கவினுக்கு கேம் செட் வாங்கும் முன்

பாப்பா,

செவ்வாய்க்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "எதையாவது வாங்குலா, இதைப் போய் என்கிட்ட கேக்குற" என்று எரிந்து விழுந்துவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. உன் அம்மா வீட்டில் இல்லாதபோது நான் அடுப்புப் பக்கமே போகமாட்டேன் என்பது உனக்கும் தெரியும். போனை வைத்துவிட்டு கேட் வரைக்கும் நடந்து போய், கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். இரண்டு நாளாக இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். நேரில் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன், போனில் சொன்னால் மறுபடியும் பால் பொங்கிவிடும். அதனால் எழுதுகிறேன். நீ டீச்சர், என் எழுத்துப்பிழைகளைத் திருத்திக்கொண்டு படி.

நீ கேட்டது சின்னக் கேள்விதான். அம்பாங்கில் இருக்கும் உன் மச்சாண்டார் பிள்ளைகளிடம் கேம் செட் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து கவினும் கேட்டு அழுகிறான், எது வாங்கினால் அவனுக்குச் சரியாக இருக்கும் என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் பதிலையும் நீயே சொன்னாய். "இப்ப வேணாம்னு பாக்குறேன்பா. இப்பதானே அவன் கை நல்லா இருக்கு. எழுதட்டும், எக்சர்சைஸ் பண்ணட்டும். கை முடியாமப் போற காலத்துல, தம்பிக்கு நான் அனுப்பி வெச்சேனே, அந்த ஸ்பெஷல் போர்டு, அதை வாங்கிக் குடுத்துரலாம். தம்பி கடைசி வரைக்கும் அதுலதானே விளையாடினான்." இதைச் சொல்லும்போது உன் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் கவினுடைய ரிசல்ட் வந்து, அவன் தாய்மாமனுக்கு வந்த அதே தசை நோய்தான் இவனுக்கும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து உன் குரலில் நான் கேட்ட முதல் நிம்மதி அதுதான். அதை நான் எடுத்துவிடப் போகிறேன்.

தம்பி அந்த போர்டில் கடைசி வரைக்கும் விளையாடவில்லை. ஒரு நாள்கூட விளையாடவில்லை. நானும் அவனும் சேர்ந்து உன்னிடம் பொய் சொன்னோம், அம்மாவும் உடந்தை. அவன் போய் ஏழு வருடம் ஆகிறது. உனக்கு அது ஓர் ஆறுதலாக இருக்கட்டும் என்று விட்டுவைத்தோம். இப்போது அந்தப் பொய்யின் மேல் காலை ஊன்றி நீ உன் பையனுக்கு ஒரு முடிவு எடுக்கப் பார்க்கிறாய். கை நன்றாக இருக்கும் வருடங்களைத் தள்ளிவிட்டு, கை போன பிறகு விளையாடட்டும் என்கிறாய். அதனால்தான் என்னால் இனிமேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. அப்படியானால் சனிக்கிழமைகளில் உன்னோடு விளையாடியது யார் என்று இப்போதே கேட்பாய். வருகிறேன். அதை முதலில் சொன்னால் மீதியை நீ படிக்கமாட்டாய்.

என் தப்புகளை வரிசையாகச் சொல்வதென்றால் தம்பியின் எட்டாவது வயதிலிருந்து தொடங்க வேண்டும். அப்போது அவன் நடந்துகொண்டிருந்தான், குதிகாலைத் தூக்கிக்கொண்டு முன்பாதத்தில் நடப்பான். தமிழ்ப்பள்ளியில் அவன் வகுப்புப் பையன்கள் நாலைந்து பேரிடம் பாக்கெட்டில் போடுகிற அளவில் ஒரு கேம் செட் இருந்தது. ரெஸ்ட் நேரத்தில் கேன்டீன் ஓரமாக உட்கார்ந்து, ஒருவன் செட்டோடு இன்னொருவன் செட்டைச் சேர்த்து விளையாடுவார்கள். எல்லாப் பிள்ளைகளும் ஓடிப் பிடித்து விளையாடுகிற நேரத்தில், உட்கார்ந்தபடி அவனும் சேர்ந்துகொள்ளக் கூடிய ஒரே விளையாட்டு அது. அது எனக்கு அப்போது புரியவில்லை. கிள்ளானில் கடைக்குப் போனேன். கடைக்காரன் அந்தச் சின்னதைத் தள்ளி வைத்துவிட்டு, டிவியில் மாட்டுகிற பெரிய பெட்டியை எடுத்துக் காட்டி, "Boss, இது எல்லாம் சின்னப் பசங்க சாமான். இதைப் பாருங்க, பவர். பத்து வருஷம் தாங்கும்" என்றான். பவர் என்றதும் நான் விழுந்துவிட்டேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவனிடம் பவர் என்று சொன்னால் விழத்தானே செய்வான்? என் பிள்ளைக்குச் சின்னது எதற்கு, இருப்பதிலேயே பெரியதை வாங்குவோம் என்று தூக்கிக்கொண்டு வந்தேன்.

தம்பி "தேங்க்ஸ்பா" என்றான், பெட்டியைத் தடவிப் பார்த்தான். அவன் சிநேகிதர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டு, அம்மா கொடுத்த வடையைத் தின்றுவிட்டுப் போனார்கள். பிறகு வரவில்லை. அவர்கள் செட் ஒரு ஜாதி, இவன் செட் வேறு ஜாதி, ஒன்றோடு ஒன்று பேசாது. பள்ளியில் அவர்கள் ஓரமாகக் கூடி உட்காருவார்கள், இவன் பக்கத்தில் நின்று எட்டிப் பார்ப்பான். இருப்பதிலேயே சக்தி வாய்ந்த மெஷின் அவனிடம்தான் இருந்தது, சேர்ந்து விளையாடத்தான் ஆள் இல்லை. அந்த இடத்தில்தான் நீ வந்து உட்கார்ந்தாய். உனக்கு அப்போது பதினைந்து வயது, பி.எம்.ஆர். பரீட்சை வருடம். இரண்டாவது கண்ட்ரோலரை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாய். "படிக்கிற பிள்ளை செய்யிற வேலையா இது" என்று நான் உன்னைத் திட்டியிருக்கிறேன், ஒரு முறை ஒயரைப் பிடுங்கியும் இருக்கிறேன். நீ செய்தது நான் வாங்கிய தப்புப் பெட்டியைச் சரி செய்கிற வேலை என்பது எனக்கு எத்தனையோ வருடம் கழித்துத்தான் புரிந்தது. ரொம்பத் தாமதம்தான், இருந்தாலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நடுவில் நடந்தவை உனக்குத் தெரியும். அவன் பதினொரு வயதில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தான். ஞாயிறு தவறாமல் பிரிக்ஃபீல்ட்ஸ் வைத்தியரிடம் கூட்டிப்போய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்தோம், கார் முழுக்க அந்த வாசனை. கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தேன். மேஜை உயரமாக இருந்ததால் மவுஸைப் பிடிக்கத் தோளைத் தூக்க வேண்டியிருந்தது, பத்து நிமிஷத்தில் களைத்துவிடுவான். மேஜைக் காலை நாலு அங்குலம் அறுத்திருக்கலாம். நல்ல மேஜை, எதற்கு அறுப்பது என்று விட்டேன். பிறகு கைத்தொலைபேசியில் விளையாடினான். படுத்துக்கொண்டே விளையாடலாம், அது வசதிதான். ஆனால் பாதித் திரையைக் கட்டைவிரலே மறைத்துக்கொள்ளும், இரண்டு நிமிஷத்துக்கு ஒரு விளம்பரம் வந்து குதிக்கும், உன்னோடு சேர்ந்து விளையாட அதில் ஒன்றும் உருப்படியாக இல்லை. சுற்றிச் சுற்றி மறுபடியும் அந்த டிவிப் பெட்டிக்கே வந்தோம், புது மாடலாக ஒன்று வாங்கினோம். நீ டீச்சராகி சபாவில் தாவாவுக்குப் போஸ்டிங் வாங்கிப் போனபோது நீயும் அதே ஜாதிப் பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டாய். அன்றிலிருந்து சனிக்கிழமை பிற்பகல் நான்கு மணி உங்கள் இரண்டு பேருக்கும் உரியதாக இருந்தது. நீ அங்கே ஒரு லோரி, அவன் இங்கே ஒரு லோரி. சேறும் மலையுமாக இருக்கிற ஒரு காட்டில் மரம் ஏற்றிப் போவீர்கள். ஒரு லோரி சேற்றில் மாட்டினால் மற்றது கயிறு போட்டு இழுக்க வேண்டும். கடல் தாண்டி இருக்கிற அக்காவும் தம்பியும் ஒரே சேற்றில் கிடந்து சிரிப்பதை நான் கூடத்தில் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்த வருடக் கடைசியில்தான் அவன் விரல்கள் தளர ஆரம்பித்தன. கண்ட்ரோலர் மடியிலிருந்து நழுவும். விசையை முழுதாக அழுத்த முடியாமல் லோரி மேட்டில் ஏறாது. உன்னிடம் "நெட் ஸ்லோவா இருக்குக்கா" என்று சாக்குச் சொல்வான். உனக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. மாதக்கணக்கில் இழுத்தடித்து அப்போதுதான் கைக்கு வந்த உன் முதல் சம்பளத்தில் அந்த போர்டை வாங்கி அனுப்பினாய். கனமான கண்ட்ரோலரைத் தூக்கிப் பிடிக்க வேண்டாம், தட்டையாக மடியில் வைத்து, பெரிய பொத்தான்களை உள்ளங்கையால் தொட்டாலே போதும், விரலுக்குத் தோதாகச் சின்னச் சின்ன ஸ்டிக்குகளைத் தனியாகச் செருகிக்கொள்ளலாம் என்று போனில் ஒரு மணி நேரம் எனக்கு விளக்கினாய். பெட்டி வந்து சேர்ந்த அன்று நான் விரதத்தில் இருந்தேன்.

அது தைப்பூசத்துக்கான நாற்பத்தெட்டு நாள் விரதம் என்பது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, நானாக அதில் சேர்த்துக்கொண்ட ஒரு நிபந்தனை. பத்துமலைக்குக் காவடி எடுத்து முடிக்கும் வரைக்கும் நோயாளிக்கான புதுப் பொருள் எதுவும் இந்த வீட்டில் பயன்பாட்டுக்கு வராது என்று சாமி அறையில் நின்று சொல்லியிருந்தேன். ஆஸ்பத்திரியில் ஏற்றி இறக்கும் கட்டில் ஒன்றை எழுதிக் கொடுத்தார்கள், தைப்பூசத்துக்கு அப்புறம் என்றேன். பாத்ரூமில் கைப்பிடி வைக்கச் சொன்னார்கள், அதுவும் அப்புறம்தான். ஒரு பக்கம் குணமாக்கு என்று கேட்டுக்கொண்டே மறுபக்கம் குணமாகாதவனுக்கு வேண்டியதை வாங்கி அடுக்கினால், நான் நம்பாமல் கேட்கிறேன் என்று ஆகிவிடுமே என்று பயந்தேன். அந்த பயத்தில்தான் நீ அனுப்பிய பெட்டியைப் பிரிக்காமல், ஒட்டிய டேப்போடு அலமாரி மேல் வைத்தேன்.

தம்பி கட்டிலில் படுத்தால் அவன் கண்ணுக்கு நேரே அந்த அலமாரி. "அப்பா, அக்கா அனுப்பினதைத் தொறக்கலாமா?" என்று ஒரு முறை கேட்டான். "தைப்பூசம் முடியட்டும்யா. ஒருவேளை அது தேவையே படாம போகலாம்" என்றேன். அவன் என்னையே பார்த்தான். பதினெட்டு வயதுப் பையன், அவன் நோயைப் பற்றி என்னைவிட நன்றாகப் படித்துத் தெரிந்து வைத்திருந்தான். "சரிப்பா" என்றான். அதற்குப் பிறகு கேட்கவில்லை. உன் அம்மாதான் அடுப்படியில் வைத்து என்னைப் பிடித்துக்கொண்டாள். "சாமிக்கு இதெல்லாம் கோவம் வராதுங்க. புள்ள ஆசையா பாத்துக்கிட்டே கெடக்கான். தொறந்து குடுங்க" என்றாள். "உனக்கு நம்பிக்கை இல்லன்னா சும்மா இரு" என்று அவளையும் அடக்கினேன். உன்னிடம் மட்டும், செட் பண்ண ஆள் வரவேண்டும், அது இது என்று அளந்துகொண்டிருந்தேன்.

முப்பதாவது நாளோ என்னவோ அவனுக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பத்து நாள் இருந்தான். திரும்பி வரும்போது மூச்சுக்கு மாஸ்க் வந்துவிட்டது, கை ரொம்ப இளைத்துவிட்டது. நான் பெட்டியைத் திறக்காததால் சளி வந்தது என்று சொல்லமாட்டேன், எனக்கு அவ்வளவு புத்தி கெட்டுப் போகவில்லை. சாமியையும் குறை சொல்லமாட்டேன். காவடி எடு என்பதுதான் வழக்கம், பெட்டியைத் திறக்காதே என்று எந்தச் சாமியும் என்னிடம் சொல்லவில்லை. காவடி எடுத்துவிட்டு வந்த மறுநாள் காலையில், தோளில் புண்ணோடு, நானே ஏணி போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினேன். போர்டை அவன் மடியில் வைத்து, கையைத் தூக்கி அதன் மேல் வைத்தேன். வைத்த இடத்திலேயே கை கிடந்தது. விரல் ஒரு பக்கம் மட்டும் லேசாக நகர்ந்தது. லோரி இடது பக்கமே சுற்றிச் சுற்றி வந்தது. ஆஸ்பத்திரியில் கைப் பயிற்சி கொடுக்கிற அந்தப் பெண்ணை வீட்டுக்கு வரச்சொன்னோம். அவள் என்னென்னவோ மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். வெளியே வந்து செருப்புப் போடும்போது மெதுவாகச் சொன்னாள்: "அங்கிள், கொஞ்சம் பலம் இருக்கும்போதே இதுல பழகியிருந்தா, பலம் கொறையக் கொறைய அதுக்குத் தோதா மாத்திக்கிட்டே வந்திருக்கலாம். இனிமே புதுசா பழகுறது அவருக்கு ரொம்பக் கஷ்டம்." அவள் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அது வெள்ளிக்கிழமை. மறுநாள் சனி. மூன்றரைக்கே நீ மெசேஜ் அனுப்பிவிட்டாய், போர்டு செட் ஆச்சா, வேலை செய்கிறதா என்று. நான் போன் பண்ணி உன்னிடம் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தேன். தம்பி மாஸ்க்கை நகர்த்தச் சொன்னான். "சொல்லாதீங்கப்பா. அவ மொத சம்பளத்துல வாங்கினது. லேட்டாயிருச்சுன்னு தெரிஞ்சா உங்களை மன்னிக்கமாட்டா, அவளும் அழுதுகிட்டே இருப்பா. நீங்க பழைய கண்ட்ரோலரை எடுங்க. நான் சொல்றேன், நீங்க அழுத்துங்க. கிரேன் ஓட்டுறவர்தானே?" என்றான்.

ஆமாம் பாப்பா, சனிக்கிழமைகளில் உன்னோடு லோரி ஓட்டியது நான்தான். பதினொரு மாதம். கிரேனில் நான் முப்பது வருடம் செய்த வேலையும் அதுதான். எழுபது எண்பது அடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து இரண்டு கையிலும் இரண்டு ஸ்டிக். கீழே நிற்கிறவன் வாக்கிடாக்கியில் இடது, இன்னும், மெல்ல, நில் என்று சொல்லச் சொல்லக் கை நகரும். அந்தக் குரலை நம்பாமல் என் கண்ணை நம்பினால் கன்டெய்னர் ஆள் மேல் விழும். அந்தப் பழக்கம் இங்கே கைகொடுத்தது. அவன் படுத்தபடி டிவியைப் பார்த்து, "லெஃப்ட்டுப்பா, லெஃப்ட்டு, ஸ்லோ, அந்தக் கல்லுக்குப் பின்னாடி" என்பான், நான் ஓட்டுவேன். நீ அவனிடம் பேசும்போது மட்டும் மைக்கை ஆன் பண்ணுவேன், அவன் பதில் சொன்னதும் ஆஃப் பண்ணிவிடுவேன். ஏன்டா அடிக்கடி மைக்கை ஆஃப் பண்ணுகிறாய் என்று நீ கேட்டபோது, மாஸ்க் சத்தம் உனக்குத் தொந்தரவாக இருக்கும் என்று அவன் சொன்னது இதற்காகத்தான். முதல் மாதம் நான் அவன் மானத்தை வாங்கினேன். மரத்தையெல்லாம் ஆற்றில் கொட்டினேன். "அப்பா, இது கிரேன் இல்லப்பா, லோரி, ஸ்டியரிங்கை விட்டுட்டு மேல தூக்கப் பாக்குறீங்க" என்று மூச்சு வாங்கச் சிரிப்பான். அவன் பேர் கெட்டுவிடக் கூடாதே என்று வார நாட்களில் நான் தனியாக உட்கார்ந்து பழகினேன். அப்படியே தேறிவிட்டேன். ஒரு நாள் நீ, "தம்பி, கை நல்லாத் தேறிருச்சுடா. போர்டு சூப்பரா வேலை செய்யுதுல்ல?" என்றாய். அவன் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, "சூப்பர்க்கா" என்றான். அன்று நான் பாத்ரூமுக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஒரு மத்தியானம் சும்மா பேசிக்கொண்டிருந்தபோது அவன் அந்த முதல் பெட்டியைப் பற்றிச் சொன்னான். குறையாகச் சொல்லவில்லை, ஏதோ ஞாபகம் வந்த மாதிரிதான். "அந்தச் சின்ன செட்டை வாங்கியிருந்தா நான் ஸ்கூல்ல எல்லாரோடயும் உக்காந்திருப்பேன்பா" என்றான். பத்து வருடம் அதை மனதில் வைத்திருந்திருக்கிறான். நான் அப்போது அவனைக் கடைக்குக் கூட்டிப்போய் எதுடா வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. அவனுக்கு என்ன தேவை என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

நேற்று நான் கிள்ளானில் ஒரு கடைக்குப் போனேன். உன்னிடம் பேசப் பயந்தவன் கடைக்காரியிடம் பேசினேன். தலைக்குத் துடுங் துணி போட்ட ஒரு மலாய்க்காரப் பெண். நான் போனதும் பெருமையாக, எது ரொம்ப பவர் என்று கேட்டேன், அந்த புத்தி இன்னும் போகவில்லை. அவள் சிரித்துக்கொண்டே, "அங்கிள், சியாப்பா நாக் மைன்?" என்றாள், யார் விளையாடப் போகிறார்கள் என்று. பேரன் என்றேன். "மைன் டெங்ஙான் சியாப்பா?" என்றாள், யாரோடு விளையாடுவான் என்று. பாப்பா, இந்த இரண்டு கேள்வியைக் கேட்க எனக்கு ஓர் ஆயுசு போதவில்லை. அவள் ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்துப் பிடித்துப் பார்க்கச் சொன்னாள். அம்பாங் பிள்ளைகளிடம் இருப்பது கையில் வைத்துக்கொள்கிற செட், நடுவில் திரை, இரண்டு பக்கமும் கழற்றிக்கொள்கிற சின்னக் கைப்பிடிகள். கழற்றினால் ஒவ்வொன்றும் ஒரு கரண்டி கனம்கூட இல்லை. ஒரு கையை ஒரு தொடையிலும் இன்னொரு கையை இன்னொரு தொடையிலும் வைத்துக்கொண்டு, தோளைத் தூக்காமல் விளையாடலாம். வேண்டுமென்றால் டிவியிலும் மாட்டலாம், உட்கார முடியாத நாளில் படுத்துக்கொண்டும் பிடிக்கலாம். பவர் குறைவுதானாம், படம் கொஞ்சம் மங்கல்தானாம். இருக்கட்டும். எந்தப் பொத்தான் எந்த வேலை செய்ய வேண்டும் என்பதை நாமே மாற்றி வைத்துக்கொள்ளலாம், பின்னால் ஸ்பெஷல் போர்டு ஒன்றை அதோடு சேர்க்கவும் வழி இருக்கிறது என்றாள். அதை மட்டும் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

என் அபிப்பிராயம் இதுதான். ஆனால் என் அபிப்பிராயத்தில் வாங்காதே. கவினைக் கூட்டிப்போ, அவன் பிடித்துப் பார்க்கட்டும், யாரோடு விளையாட ஆசை என்று அவனையே கேள். அவன் அம்பாங் பெரியப்பா பிள்ளைகளோடு என்று சொன்னால் அவர்களிடம் இருப்பதையே வாங்கு. அடுத்த வருடம் ஸ்டாண்டர்ட் ஒன் போகிறான், அங்கே எல்லாரும் ஓடுகிற நேரத்தில் அவனோடு உட்காரவும் நாலு பேர் வேண்டும். கை நன்றாக இருக்கும்போது எழுதட்டும், படிக்கட்டும், அதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே நல்ல கையால் அவன் ஜெயிக்கவும் தோற்கவும் வேண்டும், கோபம் வந்தால் கண்ட்ரோலரைத் தூக்கிச் சோபாவில் எறியவும் வேண்டும். கை போன பிறகு விளையாட்டு என்று தள்ளி வைக்காதே. ஸ்பெஷல் போர்டையும் கடைசியில் வாங்கலாம் என்று இருக்காதே, கொஞ்சம் களைக்கிறது என்று அவன் சொல்கிற முதல் வருடமே வாங்கி, ஒரு மூலையில் அதுவும் ஒரு விளையாட்டுச் சாமானாகக் கிடக்கட்டும். உன் மாமியார் நேர்த்தி வைத்தால் வைக்கட்டும், நீயும் விரதம் இரு, நானும் இருக்கிறேன், என் தோள் இன்னும் ஒரு காவடி தாங்கும். பையனுடைய பொருளை மட்டும் அதில் சேர்க்காதே. இந்த நோய் தாய் வழியாகத்தான் வருகிறது என்று நீ உன்னையே குத்திக்கொண்டிருப்பது அம்மா சொல்லித் தெரியும். அதைப் பற்றி நேரில் பேசலாம், உன் மேல் ஒரு தப்பும் இல்லை.

இதைப் படித்துவிட்டு உனக்கு என் மேல் கோபம் வரும். வரட்டும். ஒரு மாதம் பேசாமல் இரு, இரண்டு மாதம்கூட இரு, நான் பொறுத்துக்கொள்கிறேன். நீ இருக்கும் செமினிக்கும் கிள்ளானுக்கும் நடுவில் தாவாவ் மாதிரி கடலா இருக்கிறது, நானே வந்து உன் கேட்டைத் தட்டுவேன். பையனுக்கு வாங்குவதை மட்டும் தள்ளாதே.

இன்னும் ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன், இது அம்மாவுக்கும் தெரியாது. அவனுடைய கடைசிக்கு முந்தின சனிக்கிழமை. ஆட்டத்தில் மழைக்காலம், ஆறு நிரம்பி ஓடுகிறது. தம்பி வழி சொல்லிக்கொண்டே வந்தான், குரல் மெலிந்துகொண்டே போனது. ஒரு மேட்டில் லோரியை நிறுத்திவிட்டு எந்தப் பக்கம் என்று கேட்டேன், பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால் தூங்கிவிட்டான். மாஸ்க்குக்குள் மூச்சு சீராக இருந்தது. அன்று அவன் அவ்வளவு நிம்மதியாகத் தூங்கியதே பெரிய விஷயம், எழுப்ப மனம் வரவில்லை. அதே நேரம் உன் லோரி ஆற்றில் இறங்கி மாட்டிக்கொண்டது. "தம்பி, எங்கடா இருக்க, வந்து இழுடா" என்று நீ கூப்பிட்டாய். மைக்கை ஆன் பண்ணி, நான் அப்பா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வழி சொல்ல ஆள் இல்லாமல், முதல் முறையாக என் கண்ணை நம்பிக் கரையோரமாக இறங்கி, கயிறு போட்டு, உன்னைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். அரை மணி நேரம் ஆனது. நீ கரையேறியதும் ரொம்ப நேரம் சிரித்தாய். "இன்னிக்கு நீ ரொம்ப நல்லா ஓட்டினடா. நீ இல்லன்னா நான் அங்கயே கெடந்திருப்பேன்" என்றாய். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு நாளாவது நான் உன்னோடு உட்கார்ந்து விளையாடியதாக எனக்கு ஞாபகம் இல்லை. அந்த அரை மணி நேரம்தான் நாம் இரண்டு பேரும் விளையாடியது, அதுவும் உனக்குத் தெரியாமல்.

உன் அப்பா